எதற்காவது உதவும்

அலுவலகத்தில் எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். வீட்டில் எனக்குக் கீழே தரை மட்டும்தான். இந்த நிலைமையை மாற்றியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முகம் நிறைய சவர நுரையோடு, கண்ணாடியைப் பார்த்துச் சபதம் செய்தேன்.

"இனிமே என் உத்தரவு இல்லாம இந்த வீட்டைவிட்டு ஒரு திருகாணிகூட வெளியே போகாது!"

சத்தமாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. என் மனைவி கையில் ஒரு குடைக்கம்பியோடு குப்பைக்கூடைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"இது எதுக்குங்க நமக்கு?"

"எதுக்காவது உதவும்."

"துணியே இல்லாத குடைங்க இது."

"மழை இல்லாத நாள்ல பிடிச்சுக்கலாம்."

"இதே மாதிரி உள்ளே இன்னும் ஆறு கிடக்கு."

"வாரத்துக்கு ஏழு நாள், தெரியுமில்ல?"

அவள் பதில் பேசவில்லை. குடையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் மனைவி பதில் பேசாமல் போனால் அவளுக்கு ஏதோ யோசனை தோன்றியிருக்கிறது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. முகத்தைக் கழுவும்போது நுரையோடு சேர்த்து அதையும் கழுவிவிட்டேன்.

குடைகள் குடியிருந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டின் வாசல் பக்கத்து அறை அது. கிழக்கே ஒரு பெரிய ஜன்னல் உண்டு. உண்டு என்று வீடு கட்டியவர் சொன்னார். நாங்கள் அதைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. ஜன்னலை மறைத்துக் கதவில்லாத ஒரு பீரோ நின்றது. பீரோவுக்குள் இறக்கையில்லாத மின்விசிறி, முள்ளில்லாத கடிகாரம், ராஜா இல்லாத சதுரங்கப் பெட்டி, எந்த நிலையத்தைத் திருப்பினாலும் இருமுகிற ரேடியோ. பீரோவுக்கு வெளியே டைப்ரைட்டர், சங்கிலியில்லாத சைக்கிள், ஒரு தையல் மிஷினின் கீழ்ப்பாதி. இத்தனைக்கும் நடுவில் என் சாய்வு நாற்காலி. அதற்கு மூன்று கால். நாலாவது காலுக்குப் பதிலாகப் பழைய டெலிபோன் டைரக்டரிகள். எனக்குக் கோபம் வருகிற நாட்களில் பக்கவாட்டில் நுழைந்து, மூச்சை அடக்கி, அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வேன். சமாதானப்படுத்த யாரும் வரமாட்டார்கள். வர வழியில்லை.

மனைவிக்கு அந்த அறைமேல் ஒரு கண்.

"அந்த ரூமைக் காலி பண்ணிக் கொடுங்களேன்."

"கொடுத்தா என்ன வைக்கப் போறே?"

"ஒண்ணும் வைக்க மாட்டேன்."

"பின்னே?"

"ஜன்னலைத் திறந்துவச்சு, நடுவுல ஒரு பாயை விரிச்சு, கையையும் காலையும் நல்லா நீட்டிப் படுப்பேன். எது மேலயும் இடிக்காம. அவ்வளவுதாங்க ஆசை."

வெறும் காற்றை வைக்க நான்கு சுவரா! இதைவிட ஊதாரித்தனம் உண்டா? நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் வீட்டுக்குத் தவளை வந்தது.

தவளை என்பது கார். எனக்கும் அந்தக் காருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதற்கு என்னைவிட முடி குறைவு, அதாவது பெயின்ட். பச்சை நிறம். உருண்டை உருண்டையாக இரண்டு கண் விளக்கு. சொந்தக்காரர் ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு பல் டாக்டர். தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். வாங்கப் போன அன்று கோட்டும் டையும் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற அப்பாவைப் போலக் கண் கலங்கினார்.

"சார், முக்கியமா ஒண்ணு சொல்லணும். இந்த வண்டியோட..."

எனக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிற அவசரம்.

"டாக்டர், பெரிய விஷயங்களை மட்டும் என்கிட்ட சொல்லுங்க. சில்லறை விஷயமெல்லாம் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடுங்க."

சொல்லிவிட்டுக் கம்பீரமாக ஏறி உட்கார்ந்தேன். கார் கிளம்பியது. முன்னால் ஒரு காய்கறி வண்டி அதைக் கயிறு கட்டி இழுத்தது என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு பக்கமும் திரும்பிக் கையசைத்துக்கொண்டே வந்தேன். மனைவி டாக்டரிடம் சில்லறை விஷயங்களைக் கேட்டுக்கொண்டு, வாடகைக் காரில் பின்னால் வந்து சேர்ந்தாள்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், கார் வாங்க அவள் தடை சொல்லவே இல்லை. பெரிய சண்டைக்குத் தயாராக, வெந்நீரால் தொண்டையைக் கொப்பளித்துவிட்டுத்தான் பேச்சையே எடுத்தேன். "உங்க இஷ்டம்" என்றாள். கல்யாணமானதிலிருந்து என் காதில் விழாத வார்த்தைகள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அன்று சாயங்காலமே என் மச்சினன் வந்துவிட்டான். மனைவியின் தம்பி. அவனிடம் புத்தம் புதிய கார் இருக்கிறது. கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் அதுவே வாய் திறந்து சொல்லும். தவளையை ஒரு சுற்று சுற்றி வந்தான். டயரைக் காலால் தட்டினான்.

"அத்தான், என் கார் பேசும். உங்க கார் பேசுமா?"

"இது மரியாதை தெரிஞ்ச வண்டி. பெரியவங்க முன்னாடி வாயைத் திறக்காது."

"ஓடுமா?"

"ஓடும்."

"எப்போ?"

"ஓடும்போது!"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அடுத்த மாசக் கடைசி ஞாயிறு எங்க வீட்டுல விருந்து. இந்த வண்டியில நீங்க வந்து இறங்குங்க. தெருவே பார்க்க நான் கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் அடிக்கிறேன். வராட்டி?"

"வராட்டி இதை இரும்புக் கடைக்குப் போட்டுடுறேன்டா!"

சொன்னது நான் அல்ல, என் நாக்கு. ஆனால் வாக்கு வாக்குதான்.

"அக்கா, நீதான் சாட்சி" என்றான்.

"நான் சாட்சி" என்றாள் மனைவி, ரொம்ப சாதுவாக.

மறுநாள் மெக்கானிக் வந்தார். அவர் முகம் எனக்கு இன்றைக்கும் சரியாக ஞாபகம் இல்லை. வந்தவுடன் வண்டிக்கு அடியில் போனவர். பாதங்கள் மட்டும் வெளியே தெரியும். அந்தப் பாதங்களோடுதான் நான் பேசுவேன்.

"எப்படி இருக்கு?"

"என்ஜின் தங்கம் சார்" என்றன பாதங்கள்.

"அப்புறம் ஏன் ஓடலை?"

"தங்கம் எங்கே சார் ஓடும்? தீப்பொறியைப் பங்கு வைக்கிற மூடி வெடிச்சிருக்கு. ஃபேன் பெல்ட் அறுந்திருக்கு. வைப்பர் ரெண்டும் காணோம். ஹாரன் ஊமை. பெட்ரோல் பம்புக்குள்ள இருக்கிற ரப்பர் கிழிஞ்சு போச்சு. இதெல்லாம் வாங்கிக் கொடுங்க, பறக்கும்."

"எங்கே கிடைக்கும்?"

பாதங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

உதிரிபாகக் கடைகளுக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. வெடித்த மூடியைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு கடை கடையாக ஏறினேன். முதல் கடைக்காரர் மூடியை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் எதிர்க் கடைக்காரரைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். எல்லோரும் மூடியைக் கையில் வாங்கிப் பார்த்து, உச்சுக்கொட்டி, என்னிடம் துக்கம் விசாரித்தார்கள்.

"இது இனிமே வராதுங்க."

"எப்போதாவது வருமா?"

"வந்தா எங்களுக்கும் சொல்லுங்க. நாங்களும் பார்க்கணும்."

ஒரு கடைக்காரர் மட்டும் நல்ல மனுஷர். வேறு காரின் ஹாரன் ஒன்றைக் கொடுத்து, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினால் பொருந்தும் என்றார். மெக்கானிக் அட்ஜஸ்ட் செய்தார். அதற்குப் பிறகு ஹாரனை அழுத்தினால் சத்தம் வராது; முன்கதவைத் திறந்தால் வரும். தெருவில் எல்லோருக்கும் நான் வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்துபோனது. வண்டிதான் நகர்ந்தபாடில்லை.

நாட்கள் ஓடின. தவளை ஓடவில்லை. மச்சினன் தினமும் போன் செய்து, "அத்தான், பஸ் நம்பர் சொல்லட்டுமா?" என்று கேட்டான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாற்காலியில் போய்ப் பக்கவாட்டில் உட்கார்ந்தேன்.

பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய சாமான் கடை இருக்கே. கேட்டுப் பாருங்களேன்."

"எது, ஓட்டை வாளி விக்கிறவன் கடையா? அவனுக்கு என்ன தெரியும் காரைப் பத்தி?"

"சும்மா சொன்னேன். நான் எதைக் கண்டேன்?"

அவளுக்காகப் போகவில்லை. அந்தப் பக்கமாக எனக்கு வேறு வேலை இருந்தது.

பழைய சாமான் கடைக்காரரை எல்லோரும் காந்தம் என்று கூப்பிடுவார்கள். கழுத்தில் கயிறு கட்டி ஒரு காந்தம் தொங்கவிட்டிருப்பார். கொண்டுவருகிற பொருள் இரும்பா இல்லையா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார். என்னையே ஒரு தடவை அதால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சொல்லுங்க" என்றார். நான் கைக்குட்டையைப் பிரித்தேன்.

"இருக்கு" என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். அவர் உள்ளே போய், ஒரு பொட்டலத்தோடு வந்தார். நீலக் கோடு போட்ட பருத்தித் துணியில் சுற்றியிருந்தது. பிரித்தால், அதே மூடி! கீறல் இல்லை, தூசு இல்லை. எண்ணெய் தடவிப் பளபளவென்று இருந்தது. கடையிலேயே ஒரு குதி குதித்தேன்.

"என்ன விலை?"

"காசு வேணாம். மாத்திக்கலாம். உங்ககிட்ட டைப்ரைட்டர் ஏதாச்சும் இருக்கா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம் பாருங்கள்! எனக்கு வேண்டியது இவரிடம் இருக்கிறது. இவருக்கு வேண்டியது என்னிடம் இருக்கிறது. அதற்குள் ஓர் அம்மாள் வந்து ஒரு கெட்டிலுக்குக் காசு கொடுத்துவிட்டு வாங்கிப் போனாள்.

"அவங்ககிட்ட மட்டும் காசு வாங்கினீங்களே?"

"அது கெட்டிலுங்க. கார் சாமான் வேற டிபார்ட்மென்ட்."

நியாயமாகத்தான் பட்டது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ, டைப்ரைட்டரையா? அது உங்க உயிராச்சே!"

"போனாப் போகட்டும்."

"வேணாங்க. எதுக்காவது உதவும்."

"எதுக்கு உதவும்? அதுல பாதி எழுத்தைக் காணோம்."

"இருக்கிற பாதியை வச்சு எழுதிக்கலாமே. அவசரப்பட்டுக் கொடுத்துட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க."

"இந்தாம்மா, நீ பழசையே கட்டிக்கிட்டு அழாதே. வீடுன்னா நாலு பொருள் வரும், நாலு பொருள் போகும்."

அரைமணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவள் பெருமூச்சு விட்டு, "சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். என் மனைவியிடம் ஒரு வாதத்தில் நான் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. டைப்ரைட்டரை வாசல்வரை தூக்க அவளே ஒரு கை கொடுத்தாள். பாவம், மனசுக்குள் எவ்வளவு வருத்தமோ.

மூடி பொருந்தியது. பொருந்தியது என்றால் சாதாரணமாக அல்ல. "இந்த வண்டிக்குன்னே பொறந்த மாதிரி உட்காருது சார்" என்றன பாதங்கள். பார்த்தாயா என் தேடலின் மகிமையை என்று மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் காந்தத்தின் கடைக்கு அலுவலகத்தைவிட ஒழுங்காகப் போனேன். ஃபேன் பெல்ட் இருந்தது. நீலக் கோட்டுத் துணியில் சுற்றியிருந்தது. பதிலுக்கு சைக்கிளைக் கேட்டார். வைப்பர்கள் இருந்தன. தையல் மிஷினின் கீழ்ப்பாதியைக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டது என்னிடம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் வீட்டில் பெரிய போராட்டம்.

"குடைங்களையாவது விட்டுவைங்க. ஏழும் ஒரே குடும்பம் மாதிரி இருந்துச்சுங்க."

"ஹாரனுக்காகக் கொடுக்கிறேன். ஹாரன் முக்கியமா, குடை முக்கியமா?"

"துணி தச்சுக்கலாம்னு நெனச்சேன்."

"எப்போ தைப்பே? நீ தைக்கவே மாட்டே. உனக்கு எதையும் விட்டுக்கொடுக்க மனசு வராது. அதுதான் உன் குறை."

"நீங்க சொல்றது சரிதாங்க. நான் மாத்திக்கணும்."

எனக்கே அவள்மேல் இரக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் தெரியாமல் இருந்தேன். இவளைப் போலப் பழைய பொருள்மேல் இத்தனை பாசம் வைத்த பெண்ணை நான் பார்த்ததில்லை.

விருந்துக்கு முந்தின நாள். எல்லாம் வந்துவிட்டது. பெட்ரோல் பம்பின் ரப்பர் மட்டும் பாக்கி. அது இல்லாமல் பெட்ரோல் என்ஜினுக்குப் போகாது. பெட்ரோல் போகாவிட்டால் தவளை போகாது. தவளை போகாவிட்டால் நான் பஸ்ஸில் போக வேண்டும், தவளை இரும்புக் கடைக்குப் போக வேண்டும்.

"இருக்கு" என்றார் காந்தம். "ஆனா இது கிடைக்காத சாமான். பதிலுக்கு ஒரு பீரோ வேணும். கதவில்லாட்டியும் பரவாயில்லை. உள்ளே இருக்கிற சாமான்களோட. கூடவே ஒரு சாய்வு நாற்காலி."

"நாற்காலியா?"

"மூணு காலு இருந்தாப் போதும்."

வீட்டுக்கு நடந்து வந்தேன். பீரோ போகட்டும். அந்த நாற்காலி? அது வெறும் நாற்காலியா? எத்தனை கோபத்தை அது தாங்கியிருக்கிறது! அன்று உண்மையாகவே எனக்கு மனசு கனத்தது. போய் ஒரு தடவை அதில் உட்கார்ந்தேன். அது வழக்கம்போல இடது பக்கம் சாய்ந்தது. நானும் சாய்ந்தேன்.

மனைவி பீரோவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"கோபம் வந்தா எங்கே உட்காருவீங்க?"

"கார்ல உட்கார்ந்துக்கிறேன்."

"அது சரி. அதுல ஹாரன்கூட இருக்கு."

காந்தமே ஒரு தள்ளுவண்டியோடு வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ரப்பரை வாங்கிக்கொண்டு நேராகப் பாதங்களிடம் ஓடினேன். சாயங்காலம் ஒரு பெரிய இருமல் சத்தம். அப்புறம் ஒரு தும்மல். அப்புறம் தவளை கடகடவென்று பேச ஆரம்பித்தது! தெருவே வெளியே வந்துவிட்டது. மெக்கானிக்கின் முகத்தை அன்றுதான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அதில் கரி அப்பியிருந்ததால் இப்போதும் சொல்வதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்தபோது கூடத்தில் என்றைக்கும் இல்லாத ஒரு வெளிச்சம். எழுந்துபோய்ப் பார்த்தேன். வாசல் பக்கத்து அறையில் ஜன்னல் விரியத் திறந்திருந்தது. நிஜமாகவே கிழக்கு ஜன்னல்தான். கழுவிவிட்ட தரை. நடுவில் ஒரு பாய். பாயில் என் மனைவி, கையைக் காலை நாலா பக்கமும் நீட்டி, கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு படுத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கும் காரணம் தெரியாமல் சந்தோஷமாக இருந்தது. காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"பார்த்தியா? என் தவளையால உனக்கு ரூமே கிடைச்சிடுச்சு."

"ஆமாங்க. எல்லாம் உங்க சாமர்த்தியம்."

விருந்துக்குப் போனோம். தவளையில் போனோம்! கயிறு இல்லை, காய்கறி வண்டி இல்லை. மச்சினன் வீட்டு வாசலில் ஹாரனை ஒரு நீண்ட அழுத்து அழுத்தினேன். மாடிகளில் எல்லாம் தலைகள் முளைத்தன. மச்சினன் வெளியே வந்தான். பார்த்தான். கேட்டைத் திறந்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல் சல்யூட் அடித்தான். "இன்னொரு தடவை அடிடா, சரியாத் தெரியலை" என்றேன். அடித்தான். அன்று நான் எத்தனை தடவை பரிமாறச் சொன்னேன் என்பது எனக்கே தெரியாது.

அத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். எனக்குப் போதவில்லை.

"அந்தப் பல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டுப் போவோமா? பாவம், பார்த்தா சந்தோஷப்படுவார்."

"எதுக்குங்க, நேரமாச்சு" என்றாள் மனைவி, கொஞ்சம் அவசரமாக. "இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

"உனக்குக் கலை உள்ளமே கிடையாது."

டாக்டர் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். கதவைத் திறந்துகொண்டு டாக்டர் ஓடி வந்தார். வீட்டில் ஓய்வாக இருந்திருப்பார் போல. இன்று கோட்டும் இல்லை, டையும் இல்லை. தொளதொளவென்று ஒரு பைஜாமாவும் சட்டையும் போட்டிருந்தார்.

நீலக் கோடு போட்ட பருத்தித் துணி.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். காந்தம் சாமான்களைச் சுற்றித் தந்த அதே துணி, முக்கால் பைஜாமா அளவுக்கு என் வீட்டில் இருக்கிறது. அதை வைத்துத்தான் தினமும் தவளையின் கண்ணாடியைத் துடைக்கிறேன்.

டாக்டர் தவளையின் முதுகைத் தடவிக் கொடுத்தார். கண் மறுபடியும் கலங்கியது.

"பெட்டியில இருந்ததெல்லாம் உபயோகப்பட்டுச்சா சார்?"

"எந்தப் பெட்டி?"

"தகரப் பெட்டி சார்! வண்டி வாங்கினப்பவே எல்லா ஸ்பேரும் ஒரு செட் வாங்கி வச்சிருந்தேனே. என் பழைய பைஜாமாவைக் கிழிச்சு ஒவ்வொண்ணையும் நானே சுத்தி வச்சேன். அன்னிக்கு உங்ககிட்ட அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்கதான் சில்லறை விஷயமெல்லாம் வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்கன்னீங்க. அம்மாகிட்ட பெட்டியையே கொடுத்துட்டேன்."

நான் மெதுவாகத் தலையைத் திருப்பினேன். அம்மா ஜன்னல் வழியாக வானத்தை ரசித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் விடைபெற்று வண்டியைக் கிளப்பினேன். இரண்டு தெரு வரைக்கும் தவளை மட்டும்தான் பேசியது.

"அப்போ பெட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"அன்னிக்கே காந்தம் அண்ணன் கடையில இறக்கிட்டுத்தாங்க வீட்டுக்கு வந்தேன்."

"டைப்ரைட்டர் கேட்டது?"

"நான் கேட்கச் சொன்னது."

"சைக்கிள்? தையல் மிஷின்? குடை?"

"எல்லாம் வரிசையா சொல்லிவச்சேன். பீரோவைக் கடைசிக்கு வச்சேன். ஜன்னல் கடைசியாத் திறந்தா நல்லா இருக்கும்னு தோணிச்சு."

"என் வண்டியோட சாமானை எனக்கே மாத்திக் கொடுத்திருக்கே!"

"உங்க உத்தரவு இல்லாம ஒரு திருகாணி வெளியே போச்சாங்க? ஒவ்வொண்ணையும் நீங்களே வாதாடி, நீங்களே தூக்கிட்டுப் போய்க் கொடுத்தீங்க. நான் வேணாம் வேணாம்னு எவ்வளவு சொன்னேன்!"

சொன்னாள். அதை மறுக்க முடியாது.

"எதுக்காவது உதவும், எதுக்காவது உதவும்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. உதவிடுச்சு பாருங்க" என்றாள். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பல்லைக் கடித்தேன். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தேன்.

"நேரா காந்தம் கடைக்குத்தான் போறேன். டைப்ரைட்டர்லேர்ந்து நாற்காலி வரைக்கும் ஒண்ணு விடாமத் திருப்பி வாங்கப் போறேன். எவ்வளவு கேட்டாலும் சரி!"

"போங்களேன். ஆனா அவர்தான் இந்த டிபார்ட்மென்ட்ல காசு வாங்க மாட்டாரே. பதிலுக்குப் பழைய சாமான் கொடுக்கணும். உங்ககிட்ட இப்போ பழைய சாமான்னு இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அதுல நாம உட்கார்ந்திருக்கோம்."

தவளையைக் கொடுப்பதா! கடைத் தெருவுக்குத் திரும்புகிற முனை வந்தது. அதைத் தாண்டி வீட்டுப் பக்கமாகவே ஓட்டினேன். ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா? கடைசியாக ஒன்று கேட்டு அவளை மடக்க நினைத்தேன்.

"எல்லாத்தையும் தள்ளிவிட்டியே, வீட்டுல இன்னும் ஒரு பழைய சாமான் பாக்கி இருக்கே, இந்த வண்டியை ஓட்டிக்கிட்டு! அதையும் கொடுத்து மாத்திக்க வேண்டியதுதானே?"

அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, அன்பாகச் சொன்னாள்:

"கேட்டுப் பார்த்தேங்க. காந்தம் ஒட்டலைன்னுட்டார்."